ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஒரு சமவெளி

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், "ஊட்டியிலிருந்து கொடைக்கானல் எவ்வளவு தூரம்? ஒரே நாளில் போய்விடலாமா?" என்று நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் குன்னூர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொடைக்கானல் மலையில், பெருமாள்மலைக்குப் பக்கத்தில். கல்யாணம், பிரசவம், காதுகுத்து, துக்கம் என்று எங்கள் வீட்டின் நல்லது கெட்டது எல்லாமே இந்த இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கி ஏறித்தான் நடந்திருக்கின்றன.

நேர்கோட்டில் அளந்தால் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஏறத்தாழ 156 கிலோமீட்டர். குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகச் சாலையில் போனால் ஏறத்தாழ 255 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் இவற்றோடு "விமான நேரம்" என்று ஒன்றையும் காட்டுவார்கள். அது எப்படி வருகிறது என்றால், இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, நடுவில் உள்ள நேர்த்தூரத்தைக் கணக்கிட்டு, அதை ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால் 12 நிமிடம். கணக்கு சரிதான். ஆனால் ஊட்டியிலும் விமான நிலையம் கிடையாது, கொடைக்கானலிலும் கிடையாது.

சரி, பக்கத்தில் இருக்கிற விமான நிலையங்களை வைத்துப் பார்ப்போம். ஊட்டிக்குக் கோவை, கொடைக்கானலுக்கு மதுரை. ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையம் இருக்கிற பீளமேடு போகச் சாலையில் 90 கிலோமீட்டருக்கு மேல். மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருப்பதால் அங்கிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 215-ஐத் தாண்டிவிடும். அதாவது, கோவையில் நமக்காகவே ஒரு விமானம் காத்திருந்து நம்மை மதுரையில் இறக்கிவிட்டாலும், 255 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் மிச்சமாவது 40 கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஊருக்கும் விமான நேரம் கேட்பதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். ஊட்டியில் தீட்டுக்கல்லில் இறங்குதளம் இருக்கிறது, குன்னூரை ஒட்டிய ராணுவ ஊரான வெலிங்டனிலும் இருக்கிறது. கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்கு நேர்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இருக்காது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த ஹெலிகாப்டர் காலை 11.48-க்குச் சூலூரில் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 27 நிமிடப் பயணம். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் மலையில் மோதி எரிந்தது. அன்றே 13 பேர் இறந்தார்கள், உயிர் பிழைத்திருந்த ஒரே வீரரும் ஒரு வாரத்தில் இறந்தார். எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசை உணர்வு தப்பியதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை சொன்னது. நஞ்சப்பசத்திரத்து மக்கள் குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடியதையும், போர்வை கொண்டுவந்து கொடுத்ததையும் எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறோம். 2024 நவம்பர் இறுதியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வந்தபோது வானிலை சரியில்லை. கோவைப் பக்கத்திலிருந்து சாலை வழியாகவே ஊட்டிக்கு வந்தார். அது சரியான முடிவு. எங்கள் மலையில் காலையில் வெயிலடிக்கிற பள்ளத்தாக்கு மதியத்துக்குள் வெள்ளையாக மூடிக்கொள்ளும். அந்த மூட்டத்துக்குள் யாருக்கும் தனி வழி கிடையாது.

இப்போது சாலைக்கு வருவோம். 156 எப்படி 255 ஆகிறது? வரைபடத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு கோயம்புத்தூர் மேலாகவும் உடுமலைப்பேட்டை மேலாகவும் போகும். நாம் போகிற சாலையும் அந்த இரண்டு ஊர் வழியாகத்தான் போகிறது. கோவையிலிருந்து உடுமலைக்கு நேர்த்தூரம் 56 கிலோமீட்டர், சாலை 70. சமவெளியில் கூடுவது 14 கிலோமீட்டர்தான். ஊட்டியிலிருந்து கோவைக்கு நேர்த்தூரம் 53, சாலை 86. உடுமலையிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்த்தூரம் 46, சாலையில் பழனி போய்ச் சுற்றி ஏறுவதால் 100-ஐ ஒட்டி வருகிறது. ஆக, கூடுதலாக நாம் ஓட்டுகிற 100 கிலோமீட்டரில் பெரும்பகுதியை இரண்டு மலைகள்தான் வாங்கிக்கொள்கின்றன.

உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள். பழனி நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். கொடைக்கானல் 2,100-க்கு மேல். அதாவது ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கி, வெயிலில் சமவெளியைக் கடந்து, மறுபடியும் 1,800 மீட்டர் ஏற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில்தான் பாலக்காட்டுக் கணவாய்க்காக விட்டுக்கொடுத்து நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, ஆனைமலையிலிருந்து கிழக்கே நீளும் பழனி மலை. ஒரு மலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியில்லை. எங்கள் வீட்டில் யாரும் "கொடைக்கானல் போகிறோம்" என்று முதலில் சொல்வதில்லை. "கீழே இறங்குகிறோம்" என்போம். அக்கா போன் பண்ணினாலும் முதலில் கேட்பது, "கீழே இறங்கிட்டியாடா?" என்பதுதான். மேட்டுப்பாளையம் வந்துவிட்டோம் என்றால் அவளுக்கு ஒரு மூச்சு. பழனி தாண்டிவிட்டோம் என்றால் உலை வைப்பாள்.

நேரக் கணக்கை என் அனுபவத்தில் சொல்கிறேன், சொந்த வண்டியில், சீசன் இல்லாத நாளில். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 51 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். குன்னூருக்குக் கீழே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பர்லியார் தாண்டிக் கல்லாறு அடிவாரம் வரை செகண்ட் கியரை விட்டு மாறவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களின் வண்டியில் பிரேக் சூடேறிக் கருகுகிற நாற்றம் காட்டேரி தாண்டியதுமே வரும். நிறுத்தி ஆறவிடுங்கள், அரை மணி நேரம் போனால் போகட்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும், இது பெருந்தன்மை இல்லை, மலைச்சாலை விதியே அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல், நகரத்துக்குள் எவ்வளவு நேரம் என்பது நீங்கள் நுழைகிற பொழுதைப் பொறுத்தது. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனி இரண்டரை மணி நேரம். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம். வரைபடச் செயலி ஆறரை என்று காட்டினாலும் எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழனி வழியை நான் விரும்புவதற்கு நேரம் மட்டும் காரணமில்லை. வத்தலகுண்டு வழிச் சாலை அகலமானது, பஸ் அதிகம், டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்க்கலாம். ஆனால் கோவையிலிருந்து வருகிறவருக்கு அது சுற்று. பழனி வழி வரதமாநதி அணையைத் தொட்டு, சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக அமைதியாக ஏறும். கீழே புளிய மரம், கொஞ்சம் மேலே ஆரஞ்சும் மலைவாழையும் காப்பியும், அதற்கும் மேலே போனால் குளிர். ஒரு மலை படிப்படியாக மாறுவதை இவ்வளவு நிதானமாகக் காட்டுகிற பாதை தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் கட்சி. தைப்பூசம், பங்குனி உத்திரம் நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று எல்லாச் சாலைகளும் பாதயாத்திரை பக்தர்களுக்கானவை. அவர்கள் நடக்கிற சாலையில் நாம் ஹாரன் அடிக்கக் கூடாது.

தூரம் ஒன்றாகவே இருந்து நேரம் மட்டும் மாறும் என்பதற்கு எங்கள் மலை ரயிலைவிடச் சிறந்த சாட்சி இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஊட்டி சேர மதியம் ஆகிவிடும், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே ரயில் இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை 12 மீட்டர் நகர்ந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறுகிறது. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல்சட்டம் போட்டு, எஞ்சினைப் பின்னால் வைத்துப் பெட்டிகளை மேலே தள்ளுகிறார்கள். குன்னூர் வரை 1899-இல் வந்தது, ஊட்டி வரை 1908-இல். குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர்தான், அதற்கு ஒன்பது ஆண்டு பிடித்திருக்கிறது. கொடைக்கானலுக்கு ரயில் வரவேயில்லை. கொடை ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, பெயரை நம்பி இறங்குகிறவர்களுக்கு அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் சாலைப்பயணம் பாக்கி இருக்கும்.

அதற்கும் முன்னால் போனால், 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறியபோது சாலையே கிடையாது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு அவர் பாதை போட்ட பிறகுதான் ஊட்டி என்ற நகரம் உருவானது. கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியபோது பெரியகுளம் அடிவாரத்திலிருந்து நடந்தோ, மற்றவர்கள் தோளில் சுமக்கப்பட்டோதான் ஏறினார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மலைப் பாதையின் வரலாற்றைப் பேசும்போது எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

சீசன் வந்துவிட்டால் நான் மேலே சொன்ன எட்டு மணி நேரமும் செல்லாது. ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர்ச் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கும் ஒருவழிப் பாதையாக்குவார்கள். ஊட்டியிலிருந்து இறங்குகிறவர் கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையம் போக வேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரண்டு மலைக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. கடைக்காரர்களும் விடுதி நடத்துகிறவர்களும் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பு அது. ஆனாலும் நான் இ-பாஸ் பக்கம்தான். மே மாதத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே அசையாமல் நிற்கிற வண்டி வரிசைக்குள் ஒரு பிரசவ வலிக்காரி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் வேறு முடிவுக்கு வர மாட்டார்கள்.

மழை வேறு கணக்கு. நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர்ப் பக்கம், ஜூன் ஜூலையில் நனையும். குன்னூர் மலைப்பாதை கிழக்கே பார்த்து இருப்பதால் எங்களுக்கு ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், சாலையும் ரயிலும் அறுந்து மலையே தனித்தீவாக நின்றது. அந்த மாதத்தில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்கவில்லை. வழி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இரவுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஊட்டியிலிருந்து மைசூர் போகிற சாலை பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 2009-லிருந்து மூடியே இருக்கிறது. எட்டே முக்காலுக்குச் சோதனைச் சாவடிக்கு வந்தவருக்கு மைசூர் இரண்டு மணி நேரம், ஒன்பது ஐந்துக்கு வந்தவருக்குப் பதினோரு மணி நேரம். யானைக்கும் காட்டெருமைக்கும் அந்த இரவு வேண்டும். நாம் காத்திருக்கலாம்.

இதே காரணத்தால்தான் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் பேரிஜம் வழியாக இருந்த பழைய காட்டுப்பாதையைத் திறக்கச் சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. நேர்த்தூரம் 50 கிலோமீட்டர்தான். இன்று வத்தலகுண்டில் இறங்கி, தேனி, போடிமெட்டு வழியாகச் சுற்றினால் 150-க்கு மேல். மாமாகூட, "அந்த ரோடு இருந்தா மூணாறுக்குக் காய் அனுப்பலாம் தம்பி" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை போவது சோலைக்காட்டுக்குள். 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அது. பாதை திறந்தால் முதல் வண்டி பீன்ஸ் ஏற்றிக்கொண்டு வராது.

காய்கறிக்காரர்களுக்கு இந்த நேரக் கணக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஊட்டி, கேத்திப் பக்கத்தில் பிடுங்கிய கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறார்கள். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து, பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து, காய் ஒட்டன்சத்திரம் போகிறது. மண்டி ஏலத்துக்குப் பிந்திப்போன லாரியில் இருப்பது அதே கேரட்தான், விலைதான் வேறு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு மாதக்கணக்கில் தாங்கும், அதற்கு அவசரமில்லை. பீன்ஸ் தாங்காது.

உடம்புக்கு முடியாமல் போகும்போது இந்தக் கணக்கு எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி குன்னூரிலிருந்து கோவைக்கு ஆம்புலன்ஸில் இறங்கினோம். டிரைவர் தம்பி ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, அப்பாவின் உடம்பு ஒரு பக்கம் சாயாமல் ஓட்டினார். வேகமாகப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். கல்லாறு வந்து சாலை நேரானதும்தான் அழுத்தினார். அப்பா பிழைத்தார். அந்த ராத்திரிக்குப் பிறகு, மலையில் இருக்கிறவனுக்குக் கோவை 70 கிலோமீட்டர் என்று யாராவது சொன்னால் என் மனம் அதை ஏற்பதில்லை.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் திறந்தபோது நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. நான்குவழிச் சாலை எதுவும் செய்ய முடியாததை ஒரு மருத்துவமனை செய்யும். எல்லாச் சிகிச்சைக்கும் ஆளும் கருவியும் அங்கே நிரம்ப வேண்டும், அதற்காக நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். அக்கா இருக்கிற மலைக்கும் இது வேண்டும். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் இன்றும் மதுரைக்கோ தேனிக்கோ இறங்கத்தான் வேண்டியிருக்கிறது.

சாலையை அகலப்படுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பாறையை அறுக்க அறுக்க அடுத்த மழையில் மேலே இருப்பது கீழே வரும். நான் கேட்பது சின்ன விஷயம். கல்லாறு, கோத்தகிரி அடிவாரம், பழனி, வத்தலகுண்டு காட்ரோடு, இந்த நான்கு இடங்களிலும் கிலோமீட்டர் பலகை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள்: இன்று, இந்த மணிக்கு, மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம். இ-பாஸ் சோதிக்கிற இடத்தில் ஆள் இருக்கிறார், எத்தனை வண்டி ஏறியது என்ற கணக்கும் அவரிடம் இருக்கிறது, மேலே மழையா மூட்டமா என்று கேட்க ஒரு போன் போதும். சாக்பீஸில் எழுதினாலும் சரி. "குன்னூர் இத்தனை கி.மீ." என்பதோடு "இப்போது இரண்டரை மணி நேரம், பர்லியாரில் யானை" என்றும் இருந்தால், குழந்தையோடு வருகிறவர் அடிவாரத்திலேயே சாப்பாடு வாங்கிக்கொள்வார், இருட்டிய பிறகு ஏற நினைக்கிறவர் மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவார், ஏலத்துக்கு இறங்கப்போகிற லாரிக்காரருக்கு மேலே தகவல் போய்விடும்.